ஓலையைக் கிழிப்பது மறுப்பு ஆகாது

நம்பிக்கையிடம் சான்று கேட்கக் கூடாது என்னும் கருத்து இன்றைய தமிழ்நாட்டில் ஏறத்தாழ எதிர்ப்பே இல்லாமல் நிலைபெற்றிருக்கிறது. கோயில் மண்டபத்தில் சொற்பொழிவாற்றுபவரும், அந்தக் கோயிலுக்கு எதிரே மேடை போட்டுப் பேசுபவரும் வேறு எதில் முரண்பட்டாலும் இந்த ஒன்றில் ஒத்துப்போகிறார்கள்: சான்று முடியும் இடத்தில்தான் நம்பிக்கை தொடங்குகிறது என்று இருவருமே சொல்கிறார்கள். முன்னவருக்கு இது ஒரு கவசம். யாரும் எதுவும் கேட்க முடியாத இடத்தில் தம் கொள்கையை வைத்துவிட்டு அவர் நிம்மதியாக இருக்கலாம். பின்னவருக்கோ இது உழைப்பில்லாத வெற்றி; எதிர்த்தரப்பின் நூல்களைப் படிக்காமலே, சான்றில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என அவர் வழக்கை முடித்துக்கொள்ளலாம். இரு தரப்பும் கூடிக் காக்கின்ற இக்கருத்து தத்துவ நோக்கில் பிழையானது; அதைத் தமிழ்ச் சமய மரபின் இயல்பு என்று சொல்வது அதனினும் பெரிய பிழை.

பிழை என்று காட்டுவதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கெடிலமும் தென்பெண்ணையும் பாயும் பழைய திருமுனைப்பாடி நாட்டில், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் அடங்கும் திருநாவலூர், சுந்தரர் பிறந்த ஊர். சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகப் பிறந்து, குறுநில மன்னர் நரசிங்கமுனையரையரிடம் வளர்ந்த சுந்தரர் என்னும் நம்பியாரூரர், புத்தூரில் சடங்கவி சிவாசாரியாரின் மகளை மணக்க இருந்த நேரத்தில், முதிய அந்தணர் ஒருவர் வந்து, இவன் எனக்கு வழிவழி அடிமை என்று சொல்லித் திருமணத்தைத் தடுத்த கதை தமிழர் பலரும் அறிந்தது. சுந்தரரின் குருபூசை நாளான ஆடிச் சுவாதி தோறும் அது மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. ஆனால் சொல்லப்படும்போதெல்லாம் முதியவர் மறைந்து இறைவனாகத் தோன்றும் முடிவுக்குத்தான் அழுத்தம் விழுகிறதே தவிர, அதற்கு முன் சேக்கிழார் பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் பாடல் பாடலாக விரித்துரைக்கும் விசாரணை இரண்டு வாக்கியங்களில் கடந்துபோகிறது. உண்மையில் அந்த விசாரணைதான் கவனிக்கத்தக்கது.

முதியவர் ஓர் ஓலையைக் காட்டுகிறார். நம்பியாரூரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிக்கப்பட்டது படி ஓலைதான், மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்று சொல்லி, வழக்கைத் தம் ஊராகிய திருவெண்ணெய்நல்லூரின் அவைக்கு முதியவர் கொண்டுபோகிறார். அங்கே அவையோர் முதலில் கேட்பது மிகக் கூர்மையான கேள்வி: ஒருவர் இசைந்து எழுதிய ஓலையைக் காட்டினால், அதை வலிந்து பிடுங்கிக் கிழிப்பது வெற்றியாகுமா? சான்றை அழித்தவர் சான்றை மறுத்தவர் ஆகமாட்டார் என்ற இந்த நெறி பிற்கால வழக்காடு மன்றங்களுக்கும் அடிப்படையானது. பிறகு அவை வாதியின் பக்கம் திரும்புகிறது. அடிமை என்று சொன்னால் போதாது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்ட வேண்டும் என்கிறது. ஆட்சி என்பது நெடுங்கால வழக்கமாக ஒன்றை அனுபவித்துவந்த நிலை. ஆவணம் என்பது எழுத்து. அயலார் காட்சி என்பது வழக்கில் தொடர்பில்லாத பிறர் தாம் கண்டதைச் சொல்லும் சாட்சியம்.

மூல ஓலையும் பறிக்கப்படலாம் என்று முதியவர் அஞ்ச, அவ்வாறு நேரவிடமாட்டோம் என்று அவை உறுதி தந்த பிறகே அது வெளியே எடுக்கப்படுகிறது. கரணத்தான், அதாவது அவையின் எழுத்தர், அதை வாங்கிப் படிக்கிறார். ஓலையில் சாட்சிக் கையெழுத்திட்டவர்கள் தங்கள் எழுத்தைப் பார்த்து ஒப்புகிறார்கள். இது உம் பாட்டனாரின் எழுத்துத்தானா என்று பார்த்துச் சொல்லும்படி நம்பியாரூரரை அவை கேட்கிறது. அப்போது குறுக்கிடுபவர் வாதியே: பேரன் பார்த்து என்ன தெளிவான், அவன் பாட்டன் எழுதிய வேறொரு கைச்சாத்து இருந்தால் அதைக் கொண்டுவந்து இதனோடு ஒப்பு நோக்குங்கள் என்கிறார். காப்பில் இருந்த வேறோர் ஓலை வருகிறது. இரண்டு எழுத்தும் ஒத்திருக்கின்றன. நம்பியாரூரர் தோற்றார் என்று அவை தீர்ப்புச் சொல்கிறது. இத்தனையும் முடிந்த பிறகுதான், உம் வீடு இவ்வூரில் எங்கே இருக்கிறது, காட்டும் என்று அவையோர் முதியவரைக் கேட்க, அவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் சென்று மறைகிறார்.

இந்த வரிசைமுறையே வாதத்துக்குப் போதுமானது. அற்புதம் தீர்ப்புக்குப் பின்னால் வருகிறது. தீர்ப்பு அற்புதத்தின் மேல் நிற்கவில்லை. வாதி யார் என்று தெரியாத நிலையில், எந்த அந்தணர் எந்த அடிமையைக் கேட்டிருந்தாலும் எவ்வாறு நடந்திருக்குமோ அவ்வாறே வழக்கு நடக்கிறது. இதன் அருமை, யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் விவகாரப் பகுதியோடு வைத்துப் பார்க்கும்போது இன்னும் துலங்கும். எழுத்து, அனுபவம், சாட்சி ஆகிய மூன்றையும் சான்றாகச் சொல்லும் அந்நூல், இவற்றில் எதுவும் இல்லாதபோது தெய்வப் பிரமாணத்துக்கு, அதாவது நெருப்பு, நீர், நஞ்சு போன்றவற்றால் உண்மையைச் சோதிக்கும் முறைக்கு, இடம் தருகிறது. வெண்ணெய்நல்லூர் அவையில் வாதியாக நிற்பவரே தெய்வம். அங்கே தெய்வப் பிரமாணத்தின் பேச்சே எழவில்லை. என்னை நம்பு என்று ஒரு சொல்லில் முடித்திருக்கக்கூடியவர், தம் ஓலையின் எழுத்தைத் தமக்குத் தொடர்பில்லாத இன்னோர் ஓலையோடு ஒப்பிடச் சொல்கிறார். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, ஐயத்துக்குரிய கையெழுத்தை ஐயமற்ற கையெழுத்தோடு நீதிமன்றம் ஒப்பிடலாம் என்று சொன்னதும் இதே முறையைத்தான்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். சுந்தரருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவர். ஆகவே இந்த விசாரணை அப்படியே நடந்ததற்கு இது சான்றாகாது என்று ஒருவர் சொன்னால் அதை மறுப்பதற்கில்லை. சுந்தரர் தம் திருநாவலூர்ப் பதிகத்தில், தாம் வெண்ணெய்நல்லூரில் ஆட்கொள்ளப்பட்டதையும் சபையின் முன் வன்மொழி பேசியதையும் வன்தொண்டன் என்ற பேர் வாய்த்ததையும் குறிப்பிடுகிறார். கையெழுத்து ஒப்பீடு முதலிய நுணுக்கங்கள் சேக்கிழாருடையவை. ஆயினும் இங்கே ஆராயப்படுவது நடந்ததா இல்லையா என்பது அன்று. சைவத்தின் தலையாய பக்தி நூலை எழுதியவர், இறைவன் மனிதனை ஆட்கொள்ளும் தருணத்தை எப்படிக் கற்பனை செய்தார் என்பது. சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்று மரபு சொல்லும் அவருக்கு ஆளோலை, அதாவது அடிமை ஓலை, வெறும் உருவகம் அன்று. மனிதர்களை விற்றதற்கும் கோயில்களுக்குக் கொடுத்ததற்கும் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே பதிவுகள் இருக்கின்றன. (ஓலை உண்மையானதா என்று இவ்வளவு நுட்பமாகக் கேட்ட அவை, ஒரு மனிதன் இன்னொருவனுக்கு வழிவழி அடிமையாவது தகுமா என்று கேட்கவில்லை. அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவதுண்டா என்பதுதான் நம்பியாரூரருக்கே வியப்பாக இருந்தது. சான்று உண்மையைத் தரும். நீதியைத் தானாகத் தந்துவிடாது.)

தத்துவ நோக்கில் இந்த விசாரணையின் உச்சம் நம்பியாரூரரின் எதிர்வாதம். நான் ஆதிசைவ அந்தணன் என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். என்னை இவர் அடிமை என்று நிலைநாட்டுவாரானால் அது மனத்துக்கு எட்டாத மாயை, எனக்குத் தெளியவில்லை என்கிறார் அவர். சான்று எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் புலன்களும் மனமும் ஏமாற்றப்படக்கூடும் என்ற இந்த ஐயம் உலகத் தத்துவத்தின் பழைய ஐயங்களில் ஒன்று. பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் 1641இல் வெளியிட்ட தியானங்கள் என்னும் நூலில், ஆற்றல் மிக்க தீய ஆவி ஒன்று தன்னை எல்லாவற்றிலும் ஏமாற்றிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்டதும் இதையே. 2003இல் தத்துவவாதி நிக் போஸ்ட்ராம் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, இந்த உலகமே ஒரு கணினிக்குள் ஓடும் உருவகப்படுத்தலாக இருக்கலாம் என்று இளைஞர்கள் ஆர்வத்தோடு பேசிக்கொள்வதும் இதன் புதிய வடிவம். எதுவும் மெய்யென்று உறுதியில்லாதபோது எதை நம்பினால் என்ன என்பது இவர்கள் பலரும் வந்து சேரும் முடிவு. நம்பிக்கையிடம் சான்று கேட்காதே என்பவர்களுக்கு இது கைகொடுக்கிறது.

அவை இந்த எதிர்வாதத்தை வாதிட்டு மறுக்கவில்லை. ஒதுக்கிவிட்டு வாதியிடம் சான்று கேட்டது. அது சரியான செயல். மாயை என்னும் ஐயம் ஓலையின் மேல் விழுமானால், நான் ஆதிசைவன் என்பதை நீங்கள் அறிவீர்கள் என்ற கூற்றின் மேலும் அதே அளவு விழும். அவையோரின் அந்த அறிவும் மாயையாக இருக்கலாமே. எல்லாக் கூற்றுகளையும் ஒரே அளவில் தாக்கும் ஐயம் எந்த ஒரு கூற்றுக்கும் எதிரான சான்றாகாது. எந்த ஒரு தரப்புக்கும் துணையாகவும் ஆகாது. ஐயத்துக்கும் காரணம் காட்ட வேண்டும்: இந்த எழுத்து இந்த இடத்தில் இவ்வாறு மாறுபடுகிறது என்று குறித்துச் சொன்னால் அது ஐயம், எதுவும் பொய்யாக இருக்கலாம் என்று பொதுவில் சொன்னால் அது வழக்கை விட்டு ஓடுவது.

இங்கே ஒரு வலுவான தடை எழுப்பப்படலாம். வாதி எல்லாம் வல்லவர். மூல ஓலையும் ஒப்பிட எடுத்த ஓலையும்கூட அவர் ஆக்கியவையாக இருக்கலாம். அப்படியானால் விசாரணை வெறும் நாடகம்தானே? ஆம், கதைக்குள் அது நாடகம்தான். திருவிளையாட்டு என்றே பக்தர்களும் சொல்வார்கள். ஆனால் நாடகம் ஆடுபவர் தாம் ஏற்ற வேடத்தின் விதிகளுக்குக் கட்டுப்படுவதில்தான் செய்தி இருக்கிறது. எல்லாம் வல்லவராலும் மனிதரிடம் ஒரு கூற்றை நிலைநாட்ட வேண்டுமானால் மனிதர் ஏற்கும் சான்றின் வழியாகத்தான் வர வேண்டும் என்பது சேக்கிழாரின் நிலைப்பாடு. சான்று கேட்பது இறைவனுக்கு இழுக்கு என்று இன்று பேசுகிறவர்கள், இறைவனைவிட மானம் மிக்கவர்களாக நடந்துகொள்கிறார்கள்.

சைவத்தில் மட்டும் கிடைக்கும் விதிவிலக்கும் அன்று இது. சாத்தனாரின் மணிமேகலையில், வஞ்சி நகரில் சமயவாதிகளின் திறத்தை மணிமேகலை கேட்கும் காதை, அளவைகளின் பட்டியலோடுதான் தொடங்குகிறது. அளவை என்பது ஒன்றை அறிவதற்குரிய வழி. காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று தொடங்கிப் பத்து அளவைகளை அளவைவாதி சொல்கிறான். அவை பிழைபடும் வகைகள் எட்டையும் சொல்கிறான். அந்த எட்டில் ஐயம் ஒன்று. தேராது தெளிதல் இன்னொன்று. தொலைவில் நிற்பது கட்டுத்தறியா மனிதனா என்று மயங்குவது ஐயம்; ஆராயாமலே அதை மனிதன் என்று முடிவுகட்டுவது தேராது தெளிதல். ஐயத்தோடு நின்றிருந்தால் கூடப் பெரிய கேடில்லை. ஆராயாத உறுதியும் அறிவின் பிழைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது என்பதே இங்கு முக்கியம்.

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலைகள் பால் குடித்ததாக நாடு முழுவதும் பரவிய செய்தியை இந்த அளவைகளைக் கொண்டு ஆராயலாம். கரண்டியில் இருந்த பால் துதிக்கையருகே வைத்ததும் குறைந்ததைப் பலர் கண்டார்கள். அந்தக் காண்டலில் பிழை இல்லை. கரண்டியின் விளிம்புவரை நின்ற பால் கல்லைத் தொட்டதும் பரப்பு இழுவிசையால் இழுக்கப்பட்டு, ஈரமான சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்கியது. நிறம் கலந்த பாலை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வழிவு கண்ணுக்குத் தெரிந்தது. பால் குறைந்தது என்பது காட்சி. சிலை குடித்தது என்பது கருதல், அதாவது கண்டதிலிருந்து காணாததை ஊகிப்பது. அன்று பொய்த்தது கண்ணன்று, ஊகம். கண்ணால் கண்டேன் என்பவரிடம் நீ காணவில்லை என்று வாதிட்ட பகுத்தறிவாளர்கள் தவறான இடத்தில் போரிட்டார்கள். எதைக் கண்டாய், எதைச் சேர்த்துக்கொண்டாய் என்று கேட்டிருக்க வேண்டும்.

காண்டல் ஒன்றே போதும், கருதல் வேண்டாம் என்பவர்களுக்கும் மணிமேகலையின் அந்தக் காதையில் விடை இருக்கிறது. கண்ணால் காண்பதே மெய் என்று சொல்லும் பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை ஊகத்தால் அன்றி வேறு எப்படி அறிவாய் என்று மணிமேகலை கேட்கிறாள். மெய்யுணர்வு இல்லாதபோது ஐயம் என்று சொல்லலாமே தவிர அதற்கு மேல் சொல்ல உனக்கு உரிமை இல்லை என்கிறாள். சான்று எவ்வளவோ உறுதியும் அவ்வளவே என்னும் அளவுகோல் அவள் கேள்வியில் இருக்கிறது; உண்டு என்று நம்புகிறவர், இல்லை என்று அடித்துச் சொல்பவர் ஆகிய இருவருக்கும் அது பொருந்தும்.

வழக்குத் தீர்த்த மண்டபம் இருக்கும் அதே திருவெண்ணெய்நல்லூரில், தென்பெண்ணையின் தென்புறத்தில், 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வாழ்ந்தார். அவருடைய சிவஞானபோதம் 12 நூற்பாக்களால் ஆனது. ஒவ்வொரு நூற்பாவின் கருத்தும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. மேற்கோள் நிலைநாட்ட வேண்டிய கூற்று. ஏது அதற்குக் காரணம். எடுத்துக்காட்டு அதை விளக்கும் சான்று. இறைவன் உண்டு என்பதுகூட அந்நூலில் மேற்கோள்தான். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதற்கு ஒரு முதல்வன் வேண்டும் என்பது முதல் நூற்பாவின் வாதம். உயிர் உண்டு என்பதற்கோ, ஒவ்வொன்றையும் பார்த்து இது அன்று, இல்லை என்று சொல்லும் அறிவு ஒன்று இருக்கிறதே என்பது ஒரு காரணம். அவருடைய மாணவர் திருத்துறையூர் அருள்நந்தி சிவாசாரியார், சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில், உலகாயதம் முதலாக 14 எதிர்மதங்களின் கொள்கைகளை அவர்கள் தரப்பிலிருந்து எடுத்துரைத்த பிறகே மறுக்கிறார். தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்தின் வாயிலில், பிறர் சொல்லும் அளவைகள் எல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று நிறுவுகிறார். சான்றுக்கு அப்பாற்பட்டது நம்பிக்கை என்று கருதியவர்கள் இந்த உழைப்பை மேற்கொண்டிருக்க வேண்டிய தேவையே இல்லை.

இதனால் மெய்கண்டாரின் வாதங்கள் வென்றுவிட்டன என்று ஆகாது. பகுதிகள் தோன்றி ஒடுங்குவதால் முழுமையும் தோன்றி ஒடுங்க வேண்டும் என்பது தானாகப் பெறப்படும் முடிவன்று. 1779இல் வெளிவந்த டேவிட் ஹியூமின் உரையாடல்கள் உலகுக்கு ஒரு கர்த்தா வேண்டும் என்ற வாதத்தின் இத்தகைய இடைவெளிகளைத்தான் துருவின. உரை என்னும் அளவையிலும் ஒரு குறை உண்டு. பிறர் சொல்லை ஏற்பது தவிர்க்க முடியாதது. தம் பிறந்தநாளைக்கூட எவரும் பிறர் சொல்லித்தான் அறிகிறார். ஆனால் வெண்ணெய்நல்லூர் ஓலைக்குச் செய்த ஒப்பு நோக்குதலைச் சைவ ஆசிரியர்கள் தங்கள் ஆகமங்களுக்கு அதே கண்டிப்போடு செய்யவில்லை. இப்படிக் குறை சொல்ல முடிவதே அவர்கள் வாதக் களத்தில் நின்றார்கள் என்பதற்கு அடையாளம். வாதிட்டுத் தோற்கக்கூடிய நம்பிக்கைக்குத்தான் வெல்லும் வாய்ப்பும் இருக்கிறது.

பெரியபுராணம் சொல்லும் வேடர் கண்ணப்பரை எடுத்துக்காட்டி மறுப்பவர்கள் உண்டு. எந்த நூலும் படிக்காத, எந்தச் சான்றும் கேட்காத அன்பல்லவா அவருடையது என்பார்கள். அன்புக்குச் சான்று தேவையில்லை என்பது உண்மையே. ஏனென்றால் அன்பு உலகைப் பற்றிய கூற்று அன்று, அது மெய்யாகவோ பொய்யாகவோ இருக்க முடியாது. அன்பு செலுத்தப்படும் பொருள் இருக்கிறது என்பது கூற்று. அதற்குச் சான்று தேவை. அதிலும் அந்தப் புராணத்தில் ஐயப்பட்டவர் அங்கே பூசை செய்துவந்த சிவகோசரியார்; அவரை இறைவன் கடிந்துகொள்ளவில்லை, மறைந்திருந்து பார் என்று கூறிக் கண்ணப்பரின் செயலைக் கண்முன் காட்டினார்.

உண்மையில் எதிர்த்தரப்புக்கு உதவக்கூடிய கதை வேறு. அதை அவர்கள் பெருமையோடு சொல்கிறார்களே தவிர அதன் விளைவை எண்ணுவதில்லை. அதே பெரியபுராணத்தில், மதுரையில் சம்பந்தரும் சமணரும் ஓலைகளை நெருப்பில் இட்டும் வைகையில் விட்டும் உண்மையைத் தீர்மானிக்கிறார்கள். வெண்ணெய்நல்லூரில் ஓலை படிக்கப்படுகிறது. மதுரையில் ஓலை எரிக்கப்படுகிறது. ஓலையில் என்ன எழுதியிருக்கிறது, அது சரியா என்ற கேள்வி மதுரையில் எழவே இல்லை. முதல் வழக்கில் தோற்றவர் வென்றவரின் தோழராகிறார். இரண்டாவதில் தோற்றவர்கள் 8,000 பேர் கழுவேறியதாக நூல் சொல்கிறது. அது நடந்ததா என்பது வரலாற்றாய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள செய்தி. ஆனால் சான்றை விட்டு அற்புதத்தால் தீர்மானிக்கப்படும் உண்மை எங்கே போய் முடியும் என்பதில் கதை ஒளிவுமறைவின்றி இருக்கிறது.

பகுத்தறிவுத் தரப்புக்கும் இதில் கணக்கு உண்டு. 1882 முதல் 1888 வரை சென்னை இலௌகிக சங்கத்தார் நடத்திய தத்துவவிவேசினி இதழ், எதிர்த்தரப்போடு வரிக்கு வரி வாதிட்டது. 1963இல் கொழும்பிலிருந்து பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், அற்புத ஆற்றலை மெய்ப்பித்துக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தபோது, சான்று வந்தால் ஏற்பேன் என்ற நிபந்தனைக்குத் தம்மையும் உட்படுத்திக்கொண்டார். போதிய சான்றின்றி எதையும் நம்புவது எவருக்கும் தவறு என்று வில்லியம் கிளிஃபோர்டு 1877இல் எழுதியதற்கு, சில கேள்விகள் சான்று வரும்வரை காத்திருக்க விடுவதில்லை என்று வில்லியம் ஜேம்ஸ் 1896இல் விடை சொன்னார். அதிலும் சான்று தீர்க்கக்கூடிய கேள்வியைச் சான்றே தீர்க்க வேண்டும் என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இன்றைய பகுத்தறிவு மரபினர், நம்பிக்கை என்றாலே மூடத்தனம் என்று ஒரே சொல்லில் கடந்துபோகும்போது, நம்பியாரூரர் முதலில் செய்ததையே செய்கிறார்கள்: படிக்காமல் கிழிக்கிறார்கள்.

நம்புகிறவர்களின் பிழை இன்று இன்னும் வெளிப்படையானது. ஒரு தலத்தின் வரலாற்றைப் பற்றியோ, ஓர் அற்புதத்தைப் பற்றியோ யாரேனும் சான்று கேட்டால், மனம் புண்பட்டது என்ற விடை வருகிறது; சில நேரம் காவல் நிலையத்தில் புகாராகவும் வருகிறது. மனம் புண்பட்டது என்பது ஆட்சியும் அன்று, ஆவணமும் அன்று, அயலார் காட்சியும் அன்று. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு எந்த வாதி வந்திருந்தாலும், அவர் கோயிலுக்குள் மறையக்கூடியவராகவே இருந்தாலும், அந்த வழக்கு அன்றே தள்ளுபடி ஆகியிருக்கும்.